நூல் கணக்கும் சாயத் தண்ணீரும்: தொழில் நெறி எங்கே இருக்கிறது?

எம்.பி.ஏ. படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய அப்பா திருப்பூரில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட், அதாவது நூலைத் துணியாகப் பின்னிக் கொடுக்கும் பட்டறை, வைத்திருக்கிறார். வகுப்பில் தொழில் நெறி என்று ஒரு தாள் நடத்துகிறார்கள். அங்கே படிப்பதற்கும் யூனிட்டில் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறது. நிஜத்தில் அதற்கு என்ன அர்த்தம், அது ஏன் முக்கியம், அதைப் பிடித்துக்கொண்டு தொழில் பண்ண முடியுமா என்கிறார்.

பின்னலாடைத் தொழிலின் கணக்கு வழக்குகளோடு பல வருடங்களாக இருப்பவன் என்பதால், உங்கள் அப்பாவின் யூனிட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

பார்ட்டி, அதாவது வேலை கொடுப்பவர், நூல் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகிறார். கிலோவுக்கு இவ்வளவு கூலி, சேதாரம் இவ்வளவு போகலாம் என்று போனிலேயே பேசியாகிவிட்டது. நூல் மெஷினில் ஏறி, துணி ரோலாக இறங்கி, எடை போட்டு, டெலிவரி சலானோடு திரும்பிப் போகிறது. இடையில் எத்தனை கோன் நூல் மிச்சமானது, உண்மையான வேஸ்ட் எவ்வளவு என்பது உங்கள் அப்பாவுக்கும் ஆபரேட்டருக்கும் மட்டுமே தெரியும். பார்ட்டிக்குத் தெரிவது சலானில் எழுதியிருக்கும் எண் ஒன்றுதான்.

அந்த எண்ணை எழுதும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் தொழில் நெறி. கொடுக்கல் வாங்கல் எதுவானாலும் எதிரில் இருப்பவரால் பார்க்க முடியாத ஒரு பகுதி இருக்கும். இன்னும் சில இடங்களில் அவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பார். இந்த இரண்டு இடங்களிலும் அவருடைய இயலாமையைக் காசாக்காமல் இருப்பது. பாடப்புத்தகம் வேறு மாதிரி வரையறை கொடுக்கலாம், பரீட்சைக்கு அதையே எழுதுங்கள். தொழில் நடத்த எனக்குப் போதுமானதாக இருந்தது இந்த வரையறைதான்.

துணியையே இன்னொரு படி கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் யூனிட்டிலும் ஜிஎஸ்எம் கட்டர் இருக்கும். துணியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டுப்படும். அதைச் சின்னத் தராசில் வைத்து, வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 1.80 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம். 1.70 காட்டினால் 170. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 0.10 கிராம், கையில் வாங்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் 180 என்று பேசிய ஆர்டருக்கு 170 ஓட்டினால் நூறு கிலோவுக்கு ஐந்தரை கிலோ நூல் மிச்சமாகும். இன்றைய லாப விகிதத்தில் சில யூனிட்டுகளுக்கு மொத்த லாபமே அவ்வளவு இருக்காது. நஷ்டப்படுபவர் உங்கள் பார்ட்டி கூட இல்லை. எங்கோ ஒரு கடையில் அந்த டி-சர்ட்டை வாங்கியவர், நாலு முறை துவைத்த பிறகு அது ஏன் இப்படிக் கோணிக்கொண்டது என்று புரியாமல் பார்ப்பார்.

இது ஏன் முக்கியம் என்பதற்குத் திருப்பூர் நடக்கும் விதமே பதில். ஒரு பனியன் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் நூல் வியாபாரி, நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங், கட்டிங், தையல், பிரிண்டிங், செக்கிங், பேக்கிங் என்று எத்தனை கை மாறுகிறது! இதில் பெரும்பாலான வேலை வாய்ப்பேச்சில் நடக்கிறது. ரேட் போனில் முடிவாகிறது, சரக்கு வண்டியில் ஏறிவிடுகிறது, எழுத்து பிறகு வருகிறது. ஒவ்வொரு கைமாறலிலும் ஆள் வைத்து மறுபடி எடை போட்டு, மறுபடி சோதித்து, முன்பணம் வாங்கித்தான் சரக்கு விடுவோம் என்று எல்லோரும் உட்கார்ந்தால் ஒரு ஷிப்மெண்ட் கூட நேரத்துக்குப் போகாது. ஒருவர் ஏமாற்றினால் அந்தச் சோதனைச் செலவு அடுத்த பத்துப் பேர் தலையில் விழுகிறது. ஏமாற்றாதவர்களும் அதைச் சுமக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல சட்டங்களே இருக்கின்றன. பெட்ரோல் பங்கில் அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவையைக் கேட்டு ஊற்றிப் பார்க்கலாம், பங்கில் அது இருந்தே ஆக வேண்டும். தங்க நகையில் 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி என்ற, ஒவ்வொரு நகைக்கும் தனியான ஆறு இலக்க அடையாள எண்ணோடுதான் ஹால்மார்க் நகை விற்கலாம், அந்த எண்ணை பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத தங்கத்தின் தரத்தைச் சட்டம் கண்ணுக்குத் தெரிய வைத்திருக்கிறது. ஆனால் அதே பில்லில் சேதாரம் என்று போடும் சதவீதம் கடைக்குக் கடை மாறுவதை யோசித்துப் பாருங்கள். எழுதும் எண்ணுக்கு உண்மையான சேதாரத்தோடு எவ்வளவு சம்பந்தம் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. சட்டம் ஒரு மூலையை வெளிச்சமாக்கினால் தொழில் அடுத்த மூலைக்கு நகர்ந்துகொள்ளும். அந்த மிச்ச மூலைகளில் சட்டத்தால் உட்கார்ந்து காவல் காக்க முடியாது.

வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். துணிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கால் வீங்கும், நரம்பு சுருண்டுகொள்ளும், கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. அவர்களுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கு 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் தனியாகத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. கேரளம் 2018-இலேயே செய்துவிட்டது. ஒரு ஸ்டூலின் விலை எவ்வளவு? எந்த முதலாளிக்கும் அது கட்டுப்படியாகாத செலவு இல்லை. கேட்டால் வேலை போய்விடும் என்பதால் அவர்கள் கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதால் கொடுக்கவில்லை. சட்டம் வந்த பிறகும், ஸ்டூலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் முறைக்கும் சூப்பர்வைசர்கள் உண்டு.

இதே நிலைமை உயிர்ப் பிரச்சினையானதற்கு வங்கதேசத்தின் ரானா பிளாசா. டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர் என்ற ஊரில் எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரிலும் தூண்களிலும் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்றார்கள். ஷிப்மெண்ட் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. 24-ஆம் தேதி கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். விரிசல் அவர்களுக்கும் தெரியும். வங்கி ஊழியரால் வீட்டில் இருக்க முடிந்தது, தையல்காரப் பெண்ணால் முடியவில்லை. அந்தத் துணிகளை வாங்கிய மேற்கத்திய பிராண்டுகள் அதற்குப் பிறகுதான், கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி தங்களைக் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதற்கு முன்னால் அவர்களிடம் அழகாக அச்சடித்த நடத்தை நெறிகள் இருந்தன, தணிக்கை அறிக்கைகளும் இருந்தன.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் தொழிலுக்குள் இருப்பவர்கள். தொழிலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமலேயே அதன் செலவைச் சுமந்தவர்களின் கதை உங்கள் ஊரிலேயே நடந்தது. நீங்கள் அப்போது சிறு பிள்ளையாக இருந்திருப்பீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்நிறம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 100 கிராம் வரை போடுவார்கள். துணியின் எடையில் பாதிக்கும் மேல் உப்பு செலவாகிவிடும். சாயம் துணியில் தங்கும், உப்பு தங்காது. போட்ட உப்பு முழுக்கக் கழிவுத் தண்ணீரோடு வெளியே போகும். நிறத்தை நீக்குவது அவ்வளவு சிரமமில்லை, பொது சுத்திகரிப்பு நிலையங்கள் அதை ஓரளவு செய்துகொண்டிருந்தன. ஆனால் தெளிந்த தண்ணீரிலும் உப்பு அப்படியே இருந்தது. அதைப் பிரிக்க எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வேண்டும், அதிலிருந்து மிஞ்சும் அடர்ந்த கரைசலைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். மின்சாரம், விறகு, இயந்திரம் எல்லாம் பெருஞ்செலவு.

அந்தச் செலவைச் செய்யாமல் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நொய்யலில் தண்ணீரை விட்டன. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு அது. பாசனத்துக்காகச் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டி 1992-இல் முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணை கட்டினால் தண்ணீர் விடச் சொல்லித்தான் விவசாயிகள் போராடுவார்கள். இங்கே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று போராடினார்கள். கிணறுகள் உப்பாகின, தென்னை காய்ந்தது, மாடு குடிக்கும் தண்ணீரும் கெட்டது. அந்த விவசாயிகள் யாரும் பனியன் கம்பெனியோடு எந்த ஒப்பந்தமும் போட்டவர்கள் இல்லை. ஆனால் வெளிநாட்டுக் கடையில் அந்தப் பனியன் மலிவாக விற்றதில் ஒரு பங்கை அவர்கள்தான் கட்டினார்கள்.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத முறைக்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது, அதுவரை வெளியே விடும் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் அபராதமும் போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் தண்ணீர் ஆற்றுக்குப் போனது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர் ஸ்தம்பித்தது. வேலைக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்கள் மூட்டை கட்டினார்கள். துணிக்குச் சாயம் போட வேறு ஊர்களுக்கு லாரிகள் ஓடின.

இந்த இடத்தில் பலர் பட்டறைக்காரர்களை வில்லன்களாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அதில் சேர மாட்டேன். அப்போது ஒரே ஒரு பட்டறைக்காரர் மனசாட்சிப்படி சுத்திகரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய சாயக் கூலி கிலோவுக்குப் பல ரூபாய் கூடியிருக்கும். ஏற்றுமதியாளர் பக்கத்துப் பட்டறைக்குப் போயிருப்பார். அந்த ஏற்றுமதியாளரையும் குறை சொல்ல முடியாது, அவருடைய பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, பீஸுக்குச் சில சென்ட் குறைக்கச் சொல்லி வேறு நாட்டின் விலையைக் காட்டிக்கொண்டிருப்பார். மனசாட்சி உள்ளவர் ஆறு மாதத்தில் பட்டறையைப் பூட்டியிருப்பார், ஆறு அப்படியே இருந்திருக்கும். தனி ஆளின் நேர்மை போதாத இடங்கள் தொழிலில் உண்டு. எல்லோருக்கும் ஒரே விதி, அதைச் சமமாக அமல்படுத்தும் ஆள் இருந்தால்தான் அங்கே நல்லவர் பிழைக்க முடியும். ஆகவே அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தொழிலதிபரின் கடமை தன் பைப்பைச் சரி செய்வதோடு நிற்காது. சங்கக் கூட்டத்தில் விதி வேண்டும் என்று பேசுவதும், விதியை மீறுபவரைச் சங்கமே காப்பாற்றாமல் இருப்பதும் அதில் சேர்ந்தது. திருப்பூரில் சங்கங்கள் அவகாசம் கேட்டு வழக்கு நடத்திய காலத்தில் பாதியை உப்பைப் பிரிப்பதில் செலவழித்திருந்தால் 2011 வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீர் வெளியேறாத முறைக்கு மாறின, தண்ணீரின் பெரும்பகுதியும் உப்பின் ஒரு பகுதியும் திரும்பச் சாயத்துக்கே பயன்படுகின்றன. சாயக் கூலி ஏறியது, தொழில் சாகவில்லை. இன்று அதே ஏற்றுமதியாளர்கள் பையரிடம் அதைப் பெருமையாகச் சொல்லி ஆர்டர் எடுக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிரிக்க முடியாத கலப்பு உப்பு கிடங்குகளில் குவிந்து கிடக்கிறது, மழை வந்தால் ஆற்றில் நுரை பொங்குவதும் அனுமதியில்லாத பட்டறைகளை மூடுவதும் இன்னும் செய்தியாக வருகின்றன.

கணக்குப் புத்தகத்தில் நெறி தவறுவது எப்படித் தொடங்கும் என்பதற்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற ஐ.டி. நிறுவனத்தை விட நல்ல பாடம் இல்லை. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் 5,361 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் காட்டியிருந்தார்கள், அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே எழுதியிருந்தார். அதற்கு முந்தைய செப்டம்பர் காலாண்டில் காட்டிய செயல்பாட்டு லாபம் 649 கோடி, உண்மை 61 கோடி. எப்படி இவ்வளவு பெரிதானது? உண்மைக்கும் கணக்குக்கும் நடுவில் முதலில் சின்ன இடைவெளிதான் இருந்தது, வருடங்கள் போகப் போக அது கைமீறிவிட்டது என்கிறது அதே கடிதம். புலி மேல் சவாரி செய்கிற மாதிரி, அது தின்றுவிடாமல் எப்படி இறங்குவது என்று தெரியாமல் போனது என்று வேறு எழுதியிருந்தார். ஒரு காலாண்டில் கொஞ்சம் கூட்டிக் காட்டினால், அடுத்த காலாண்டில் அதற்கு மேல் வளர்ச்சி காட்ட வேண்டும். அதை மறைக்க இல்லாத பில், இல்லாத பில்லுக்கு இல்லாத வசூல், அந்த வசூலைக் காட்ட இல்லாத வைப்புத்தொகை. இதில் எந்தப் படியிலும் அன்றைய தேதிக்கு அது பெரிய பொய்யாகத் தெரிந்திருக்காது. இது வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் நல்ல நிர்வாகத்துக்காக அந்த நிறுவனம் ஒரு விருதும் வாங்கியிருந்தது. ஐம்பதாயிரம் குடும்பங்கள் சம்பளம் வருமா என்று தவித்த வாரங்கள் அவை. 2015-இல் ராஜுவுக்கும் மற்றவர்களுக்கும் ஏழு ஆண்டு சிறைத்தண்டனை என்று விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மேலே இருப்பவர் பொய் சொல்லச் சொல்லாமலே கீழே பொய் முளைக்கும் வழியும் உண்டு. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒரு வாடிக்கையாளர் தலையில் எட்டுக் கணக்கு, கார்டு, கடன் என்று கட்ட வேண்டும் என இலக்கு வைத்தது. இலக்கை எட்டாத ஊழியருக்கு வேலை நிச்சயமில்லை. 2016 செப்டம்பரில் வெளிவந்தது என்ன? வாடிக்கையாளருக்குத் தெரியாமலே சுமார் 20 லட்சம் கணக்குகள் திறக்கப்பட்டிருக்கலாம் என்பது. வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது, அதற்குள் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியிருந்தது. நாளைக்கு உங்கள் யூனிட்டில் ஆபரேட்டருக்கு இத்தனை கிலோ ஓட்டினால்தான் போனஸ் என்று வைப்பீர்கள். ஊசி உடைந்து துணியில் கோடு விழுந்தாலும் அவர் மெஷினை நிறுத்த மாட்டார். குற்றத்தை அவர் மேல் போடுவதற்கு முன்னால் அந்த விதியை எழுதியவர் யார் என்று பாருங்கள்.

சரி, நன்கொடையும் சமூகப் பணியும் நெறியில் சேராதா என்று கேட்பார்கள். பள்ளிக்குக் கட்டடம் கட்டிக் கொடுப்பது நல்ல காரியம். 2013 கம்பெனிச் சட்டம், 5 கோடிக்கு மேல் நிகர லாபம் போன்ற வரம்புகளைத் தாண்டும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கச் சொல்கிறது, அதுவும் நல்லதே. ஆனால் என் கவலை வேறு. அந்த 2 சதவீதத்தை எப்படிச் செலவழித்தார்கள் என்பதற்கு வண்ணப் படத்தோடு அறிக்கை வருகிறது. மிச்ச 98 சதவீதத்தை எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதில்தான் நெறி முழுக்க இருக்கிறது.

அதில் நம் ஊரில் யாரும் குற்றமாகவே நினைக்காத ஒன்று, சின்ன ஆளின் பணத்தை இழுத்தடிப்பது. உங்கள் அப்பாவைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். வேலை முடிந்து துணி போய், பனியனாகி, கப்பல் ஏறி, பையர் பணமும் அனுப்பிவிட்டிருப்பார். நிட்டிங் பில் மட்டும் நிற்கும். போன் செய்தால் அக்கவுண்டண்ட் லீவு, அடுத்த வாரம் செக் போடுகிறோம், முதலாளி ஊரில் இல்லை. வட்டியில்லாமல் பெரியவருக்குச் சின்னவர் கொடுக்கும் கடன் இது. அந்தச் சின்னவர் ஆபரேட்டருக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வெளியே வட்டிக்கு வாங்கிக்கொண்டிருப்பார்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. பதினைந்து வருடங்களுக்கும் மேலாக இந்த வட்டியைக் கேட்டு வாங்கியவர்கள் அபூர்வம். கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. மறுக்க முடியாதவர் என்று மேலே சொன்ன அதே நிலைமைதான். பிறகு வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் எச் உட்பிரிவைச் சேர்த்தார்கள், 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அமலுக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருடம் வரை அதைச் செலவாகக் காட்டி வரிக் கழிவு பெற முடியாது. இது வலித்தது. 2024 மார்ச்சில் பல பேருக்கு நிலுவை வந்து சேர்ந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. சில பெரிய பார்ட்டிகள் தங்கள் சப்ளையர்களிடம், உங்கள் உத்யம் பதிவை (சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு) ரத்து செய்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் பதிவில்லாத ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சட்டத்தை ஒரு வரி கூட மீறாமல் சட்டத்தின் நோக்கத்தைக் கொன்றுவிட்டார்கள். வகுப்பில் சட்டத்துக்கும் நெறிக்கும் வித்தியாசம் கேட்டால் இந்த உதாரணத்தை எழுதுங்கள், வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம்.

நேர்மையாக இருந்தால் லாபம் வருமா என்ற கேள்விக்கு, எப்போதும் வரும் என்று சொன்னால் அது பொய். நெறி தவறியவர் சொகுசாக இருப்பதும் நேர்மையானவர் நொடிப்பதும் நம் கண் முன்னாலேயே நடக்கிறது. லாபம் வரும் என்பதற்காக மட்டும் நேர்மையாக இருப்பவர், லாபம் வராத அன்று விட்டுவிடுவார். ஆனால் நெறி என்றாலே நஷ்டம் என்று சொல்வதும் அவ்வளவு பொய். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணி ஓய்வுக்குப் பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுகிறவருக்கும் கட்டாதவருக்கும் அதே மருத்துவர்கள் அறுவை செய்கிறார்கள். அறையிலும் கட்டிலிலும் வித்தியாசம் உண்டு, கண்ணுக்குள் நடப்பதில் இல்லை. நோயாளியால் பார்க்க முடியாத அந்த இடத்தில் சமமாக இருக்க முடிவு செய்தார்கள். இறக்குமதி லென்ஸ் ஏழைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992-இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்து, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்குக் கொடுத்தார்கள். நன்கொடையில் ஓடும் இடம் இல்லை அது, பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் நிற்கும் மருத்துவமனை. வேலையின் ஒழுங்காலும் எண்ணிக்கையாலும் செலவைக் குறைத்தார்கள், தரத்தைக் குறைத்து அதைச் செய்யவில்லை.

லஞ்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தொழிலுக்கு வந்தால் முதல் மாதத்திலேயே எதிரில் வந்து நிற்கும். சட்டப்படி உங்களுக்கு வர வேண்டிய இணைப்பையோ சான்றிதழையோ நிறுத்திவைத்துப் பணம் கேட்பது ஒன்று. வரக்கூடாத சலுகையைப் பணம் கொடுத்து வாங்குவது இன்னொன்று. முதலாவதில் நீங்கள் பறிகொடுப்பவர், இரண்டாவதில் கூட்டாளி. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இந்த ஏழு நாள் விஷயம் தெரியாமலே பலர் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இனி உங்கள் யூனிட். இந்த வாரமே உட்கார்ந்து பாருங்கள், அப்பாவுக்கு உத்யம் பதிவு இருக்கிறதா என்று. இல்லாவிட்டால் ஆன்லைனில் இலவசமாகவே பதியலாம், இடையில் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பதிவு எண்ணை பில்லிலும் சலானிலும் அச்சடியுங்கள். நூல் வரவு, துணி வெளியேற்றம், மீந்த கோன், வேஸ்ட் நாலையும் பார்ட்டி வாரியாக ஒரே தாளில் எழுதி, கேட்காவிட்டாலும் பார்ட்டிக்கு மாதக் கடைசியில் அனுப்புங்கள். முதல் மாதம் சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள், மூன்றாவது மாதம் அந்தத் தாளை எதிர்பார்ப்பார்கள். அப்படியே வர வேண்டிய பாக்கியை நாள் வாரியாகப் பட்டியல் போடுங்கள். போட்டுவிட்டு, தர வேண்டிய பக்கத்தையும் அதே மாதிரி போடுங்கள். ஊசி சப்ளை செய்பவர், மெஷின் மெக்கானிக், வண்டி வாடகைக்காரர், வேஸ்ட் பிரிக்க வரும் அம்மா ஆகியோருக்கு எத்தனை நாளாக நிற்கிறது என்று பாருங்கள். 45 நாளைத் தாண்டியது இருந்தால், பெரிய பார்ட்டிக்கு வட்டி கேட்டுக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் அதைத் தீர்த்துவிடச் சொல்லி அப்பாவிடம் பேசுங்கள்.